இரண்டு விரற்கடை

ஜுலைகா காட்டிய ஊரில்
தெருக்கள் நிற்கின்றன, படுத்திருக்கவில்லை.
கைப்பேசியைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்:
ரொட்டிக்கடைக்கு நூற்றுப் பன்னிரண்டு படி இறக்கம்,
திரும்பி வர அதே நூற்றுப் பன்னிரண்டு.
அதே இல்லை என்றாள், மூச்சு வாங்க.
எந்தச் சந்தின் முனையிலும்
இரண்டு வீட்டுச் சுவர்களுக்கிடையில்
ஒரு துண்டு ஏரி தொங்கியது,
காயப்போட்ட நீலப் பாவாடை மாதிரி.

கூத்தாநல்லூர்க்காரி.
பாலிடெக்னிக்கில் என் பெஞ்ச்.
லெவல் எடுக்கும் வகுப்பில்
"மேடே இல்லாத ஊரில் எதை சார் அளக்கிறது?"
என்று கேட்டு வெளியே நின்றவள்.
இப்போது அந்த ஊர் நகராட்சியில்
குழாய் போடுகிற வேலை.
மோட்டாரே வேண்டாம்டி, என்கிறாள்,
திறந்துவிட்டால் தண்ணீருக்கே தெரியும்
போகிற இடம்.

இங்கே தெரியாது.
இங்கே தண்ணீர் ஒவ்வொரு மதகிலும் நின்று
என்னைக் கேட்கிறது.
கோரையாற்றுக்குத் தெற்கே
வீரசேனன் ஸ்டாஃபைப் பிடித்து நிற்க
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
கிலோமீட்டருக்கு எவ்வளவு இறக்கம் என்று தேடுகிறேன்,
கைப்பையின் அடியில் சில்லறை தேடுகிற மாதிரி.
கிடைக்கும். ஒரு சாண். சில நாள் அதுவும் இல்லை.
அதற்குள் வரப்பில் இரண்டு கட்சி.
இந்தப் பக்கத்து வயல் இரண்டு விரற்கடை மேடாம்,
தண்ணீர் ஏறாதாம்.
அந்தப் பக்கத்து வயல் இரண்டு விரற்கடை பள்ளமாம்,
தண்ணீர் வடியாதாம்.
அதே இரண்டு விரற்கடைதான்.
பதினோரு வருஷமாகக் கோர்ட்டில் இருக்கிறது.

ஆகவே ஜுலைகா,
உன் ஊரின் அழகு என்று நீ அடுக்குகிற
சிவப்பு ஓடு, கம்பளிக் கடை, பேசினால் புகைகிற வாய்,
உறைந்த ஏரியில் நடந்து போய் மீன் பிடிப்பவர்கள்,
உன் பேரைத் தப்பாக, ஆனால் தினமும்,
கூப்பிட்டு ஏற்றிக்கொள்ளும் பஸ் டிரைவர்
எதுவும் என்னை இழுக்கவில்லை.
பொய். பஸ் டிரைவர் கொஞ்சம் இழுத்தார்.
ஆனால் ராத்திரி தூங்க விடாதது
அந்தச் சரிவு.
ஒரு ஆரஞ்சுப் பழம் கை தவறினால்
ஏரி வரைக்கும் உருளும் என்றாயே,
அது.
இங்கே என் கையிலிருந்து விழுந்ததெல்லாம்
விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.

உனக்கும் பனி, எனக்கும் பனி.
தமிழில் ஒரே சொல்லாகிவிட்டது, என்ன செய்ய.
உன்னுடையதை மண்வெட்டியால் அள்ளுகிறாய்.
என்னுடையதை
ஸ்கூட்டர் சீட்டிலிருந்து துப்பட்டாவால் துடைக்கிறேன்.

இன்று அப்படித் துடைத்துக்கொண்டு
ஹரித்ராநதி வடகரையில் நின்றேன்.
மார்கழி. இருபது டிகிரி.
மன்னார்குடியே குரங்குக் குல்லாய்க்குள் நடுங்கியது,
சிரிக்காதே.
குளத்துக்கு எதிர்க்கரை இல்லை.
நடு மண்டபத்தின் கால்களும் இல்லை,
உச்சி மட்டும் எங்கோ போய்க்கொண்டிருந்தது.
அக்கரை தெரியாவிட்டால் எந்தக் குளமும் ஏரி.
அதற்கப்பால் மலை இல்லை என்று
யாராவது லெவல் எடுத்துப் பார்த்தார்களா?
ஏழே கால் வரைக்கும் இருந்தது அந்த மலை.
முன்விளக்கு எரிய ஒரு தேங்காய் லாரி
அதிலிருந்து இறங்கி வந்தது.
சத்தியமாக இறங்கித்தான் வந்தது,
கியர் மாற்றுகிற சத்தம் கேட்டேன்.

பிறகு வெயில்.
டிரான்ஸ்ஃபார்மர், வங்கிக் கிளை, ஜெராக்ஸ் கடை,
எல்லாம் ஒரே மட்டத்தில்.

நீ அனுப்பிய விண்ணப்பத்தை நிரப்பிவிட்டேன்.
எங்கள் நகரத்தை ஏன் விரும்புகிறீர்கள் என்று
ஒரு பெரிய கட்டம் இருக்கிறது.
ஆரஞ்சுப் பழம் என்று எழுதி அழித்தேன்.
கட்டம் இன்னும் காலிதான்.
கடைசித் தேதி எப்போது, சொல்.

நாளைக்கு ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார் வீரசேனன்.
அந்த வரப்பைத் திரும்ப அளக்கக் கோர்ட் உத்தரவு.
மழைக்குப் பிறகு
மூன்று விரற்கடை ஆகியிருக்கும் என்கிறார்.